எப்போதும் வரும் அந்தச் சிவப்பு வரி

கிட்டே வாருங்கள் கண்ணுகளே. இன்னும் கொஞ்சம். கடைசியில் இருக்கும் பிள்ளைக்கும் குரல் எட்ட வேண்டும். இன்றைக்கு ஒரு கதை தருகிறேன். இனிக்கிற கதை என்று ஆசை காட்ட மாட்டேன், கசக்கும். ஆனால் கையைப் பிடித்துக் கொண்டேதான் கூட்டிப் போவேன், நடுவழியில் விட்டுவிட மாட்டேன்.

இது இனிமேல் வரப்போகிற காலத்தின் கதை. நடந்து முடிந்தது போலச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் மனதில் நிற்கிறது.

அந்தக் காலத்தில், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. நெற்றியில் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய படலத்தை ஒட்டுவார்கள். பேச நினைத்தால் மண்டைக்குள் ஓடும் துடிப்பை அது பிடிக்கும். தலைமாட்டில் இருக்கும் பெட்டி அந்தத் துடிப்பைச் சொல்லாக்கி, அவருடைய பழைய குரலிலேயே பேசும். கம்பெனி அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் வாய்ப்பெட்டி என்றார்கள்.

வாய் வந்ததும் சட்டமும் வந்தது. படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்யக் கூடாது. மருத்துவரும் முடிவு செய்யக் கூடாது. அவரையே கேட்க வேண்டும். பெட்டி சொன்னால் அவர் சொன்ன மாதிரி. நல்ல சட்டம்தான். நல்ல மனதோடுதான் போட்டார்கள்.

பழைய பெட்டி திக்கித் திக்கிப் பேசும். "தண்ணி" என்று ஒரு சொல் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். பிறகு புதுப் பெட்டி வந்தது. உள்ளே வேறு நாட்டு சிப், விலையும் குறைவு. வீடு வீடாகப் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போனார்கள். புதுப் பெட்டி அருவி மாதிரி பேசியது. "வாம்மா, சாப்பிட்டியா? வெயில்ல வந்தியா?" என்று கேட்டது. பிள்ளைகள் அழுதார்கள், கம்பெனிக்கு நன்றி எழுதினார்கள், இனிப்புகூட அனுப்பினார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் குறை சொன்னாள். சோமனூரைச் சேர்ந்த சாந்தாமணி. விசைத்தறி ஓட்டுகிற வீடு. புருஷன் ஆறுக்குட்டி படுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சரவணம்பட்டியில் இருந்த கம்பெனிக்கு அவள் தினமும் போன் செய்தாள். போன் எடுக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு சிரிப்பு. ஒருநாள் அந்த அழைப்பை உள்ளே தள்ளிவிட்டார்கள். நிரல் எழுதுகிற அம்சவேணியின் மேசைக்கு அது வந்தது.

"சொல்லுங்கம்மா, பெட்டி பேசலைங்களா?"

"பேசுதுங்க அம்மிணி. அதானுங்க ரோதன. என்ற ஊட்டுக்காரரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறாரு."

அம்சவேணிக்கும் சிரிப்பு வந்தது. "நல்லதுதானுங்களே."

"என்னத்த நல்லது? கட்டிட்டு வந்த நாள்லருந்து அந்த மனுசன் என்ற பேரச் சொன்னதில்ல. 'ஏ புள்ள'ம்பாரு, இல்லாட்டி தொண்டையக் கனைப்பாரு. இப்ப 'சாந்தாமணி, உன்னைய ரொம்பக் கஷ்டப்படுத்தறேன்'ங்கறாரு. எனக்குக் கூச்சமா இருக்குது. யாரோ வேத்து ஆம்பள ஊட்டுக்குள்ள உக்காந்து எங்கூடப் பேசற மாதிரி இருக்குது."

"ஒடம்பு சரியில்லாமப் போனா மனசு மாறுமுங்கம்மா."

"மாறட்டும். நான் கேக்கறது வேற." குரல் சட்டென்று இறங்கியது. "டாக்டரம்மா வந்து அவருகிட்ட, 'அண்ணா, வலி இருக்குதுங்களா'ன்னு கேட்டாங்க. பெட்டி, 'இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கறேன்'னுச்சு. கையி மடங்கி எறுகிப்போயிக் கெடக்குது. தொட்டாக் கண்ணுல தண்ணி வருது. வாயி மட்டும் வலியில்லைங்குது. அவரே சொல்றாருன்னு வலி மருந்த நிறுத்திட்டாங்க. நாஞ்சொன்னா எடுபடல. சட்டம் அப்படியாம். நீ ஒருக்கா வந்து பாரு அம்மிணி. பேசறது அவருதானான்னு மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அம்சவேணி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் காலை சோமனூர் பஸ்ஸில் ஏறினாள்.

வீடு தறிச் சத்தத்தில் அதிர்ந்து கொண்டிருந்தது. நடு அறைக் கட்டிலில் ஆறுக்குட்டி. ஆள் உயரம், உடம்பு வற்றிவிட்டது. இடது கை மார்போடு ஒட்டி, விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தன.

"ஐயா, எப்படி இருக்கறீங்க?" என்றாள் அம்சவேணி.

"வாம்மா. நல்லா இருக்கறேன். சாப்பிட்டியா?" என்றது பெட்டி. அழகான, கனிந்த குரல்.

கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. மூக்கோரம் வியர்த்திருந்தது. தாடைக்குள் எதையோ கடித்துக் கொண்டிருப்பது போல இருந்தது.

அவள் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். பெட்டி தனக்குள் நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கும். அந்த வரிகள் திரையில் ஓடின. நடுவே ஒரு சிவப்பு வரி வந்தது. அவள் கண் அதைத் தாண்டிக் கீழே போயிற்று.

கண்ணுகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கதையின் முடிச்சு இதுதான்.

அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிற எவரும் முதல் நாள் தங்கள் கணினியில் நிரலை ஓட்டினால், முதலில் வருவது அந்தச் சிவப்பு வரிதான். "நேட்டிவ் லைப்ரரி கிடைக்கவில்லை." புதுப் பிள்ளை பதறும். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "அது எப்பவும் வரும், கண்டுக்காத." அடுத்த வருடம் அந்தப் பிள்ளை அடுத்து வரும் பிள்ளைக்குச் சொல்லும். அம்சவேணிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவளும் பலருக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டுச் சுவரில் எப்போதோ விழுந்த விரிசல் மாதிரி, கண் அதில் நிற்பதே இல்லை.

திரையில் பாதிவழி போன அவள் கை நின்றது. ஆபீஸ் கணினியில் அந்த வரி வருவதில் நியாயம் உண்டு. அங்கே யார் நெற்றியிலும் படலம் இல்லை. இங்கே ஏன் வருகிறது?

மேலே போய்ப் பார்த்தாள். நேற்று, முந்தாநாள், போன வாரம். பெட்டி பேசிய ஒவ்வொரு முறையும் அந்த வரி. பெட்டி வந்த முதல் நாள் வரைக்கும்.

"என்ன அம்மிணி, மொகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் சாந்தாமணி.

"அம்மா, கொஞ்சம் தறிய நிறுத்தச் சொல்றீங்களா?"

தறி நின்றது. அம்சவேணி மெதுவாகப் பேசினாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள ஜாவான்னு ஒண்ணுல எழுதின நிரல் இருக்குதுங்க. அது எந்த மெசின்லயும் ஓடும். பழைய பெட்டி, புதுப் பெட்டி, என்ற கம்ப்யூட்டர், எதுவும் சரிதான். ஆனா அதுக்குக் கை கெடையாது. படலத்தத் தொட்டுத் துடிப்ப எடுத்துட்டு வர, அந்தந்தச் சிப்புக்குன்னே செஞ்ச ஒரு சின்ன ஃபைல் வேணும். அதத்தான் நேட்டிவ் லைப்ரரின்னு சொல்லுவோம்."

"தறியில குறுக்கு நூல எடுத்துட்டு ஓடுமே நாடா, புதுத் தறிக்குப் பழைய நாடா ஆகாதும்பாங்களே, அது மாதிரியா?"

"அதேதானுங்க. பெட்டிய மாத்தினாங்க, நாடாவ மாத்தல."

"அப்பத் தறி நிக்கோணுமே? இது நிக்காம ஓடிட்டிருக்குதே?"

அம்சவேணி மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். நிரலைத் திறந்தாள். அந்த இடத்தைத் தேடிப் போனாள். அங்கே சில வரிகள் இருந்தன. லைப்ரரி கிடைக்காவிட்டால் நின்றுவிடாதே. அவருடைய பழைய போன் பதிவுகளையும் மற்ற வீடுகளின் பேச்சையும் வைத்து, அவர் என்ன சொல்வார் என்று ஊகித்து நீயே பேசு. ஆபீஸில் படலம் இல்லாமல் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது. மேலே ஒரு குறிப்பு: "இப்போதைக்கு மட்டும்." அருகில் எழுதியவர் பெயர்: அம்சவேணி.

எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. அதுவரை அந்த வரி வந்தால் ஆபீஸ் கணினியில் பேச்சு வராது, மற்ற வேலை மட்டும் நடக்கும். அன்றைக்கு எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். மதியத்துக்குள் குழுவில் எல்லாருக்கும் வேலை நடந்தது.

"நிக்காம ஓடறதுக்கு வழி பண்ணுனது நானுங்கம்மா," என்றாள்.

சாந்தாமணி கட்டிலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன மாசமாப் பேசுனது யாரு?"

"யாருமில்லீங்க."

"அவரு?"

"அவரும் பேசிட்டுதான் இருந்திருப்பாருங்க. எடுத்துட்டு வர ஆளில்ல."

சாந்தாமணி கட்டில் பக்கம் திரும்பினாள். புருஷனின் மடங்கிய கையைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அம்சவேணி காத்திருந்தாள். அவள் சேலைத் தலைப்பால் அவர் மூக்கோர வியர்வையைத் துடைத்துவிட்டு, "டாக்டரம்மாவுக்குப் போனு போடு," என்றாள். "எனக்குச் சொல்லத் தெரியாது. நீயே சொல்லு. இப்பவே சொல்லு."

மருத்துவர் முதலில் நம்பவில்லை. "அவரேதாங்க என்கிட்ட சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் தெளிவா வலி இல்லைன்னாரு." அம்சவேணி விளக்கினாள். மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இது மாதிரி இன்னும் எத்தனையோ பேருக்கு நான் மருந்த நிறுத்தியிருக்கறேன்மா," என்ற குரல் மட்டும் வந்தது. மதியத்துக்குள் மருந்தோடு வந்துவிட்டார்.

ஊசி ஏறியதும் ஆறுக்குட்டியின் தாடை தளர்ந்தது. "ரொம்ப நன்றிங்க டாக்டர், உங்களுக்குத்தான் சிரமம்," என்றது பெட்டி. சாந்தாமணி எழுந்து போய் அதன் ஒயரைப் பிடுங்கினாள்.

அம்சவேணி அங்கேயே சரி செய்யப் பார்த்தாள். பழைய ஃபைல் பெட்டிக்குள் வேறொரு ஃபோல்டரில் கிடந்தது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். சிவப்பு வரி போகவில்லை. வாசகம் மட்டும் மாறியது. முன்பு இல்லை என்றது. இப்போது, இருக்கிறது, ஆனால் இந்தச் சிப்புக்கு ஆகாது என்றது. புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு ஆபீசுக்குப் போக வேண்டும்.

"வந்துருவியல்ல?" என்றாள் சாந்தாமணி.

"வந்துருவனுங்கம்மா."

ஆபீசில் அவளுடைய மேலாளர் நந்தகோபால் தயிர்சாதம் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். கேட்டு முடிப்பதற்குள் டப்பாவை மூடிவிட்டார்.

"எத்தன வீடு?"

"புதுப் பெட்டி போன எல்லா வீடும் சார்."

"விளையாடாத அம்சா. டெஸ்டிங்ல பாஸ் ஆச்சே."

"டெஸ்டிங்ல என்ன பாத்தோம்? பெட்டி பேசுதான்னு பாத்தோம். பேசுச்சு."

"அந்தச் சிவப்பு வரிய ஒருத்தருமா கவனிக்கல?"

அவள் அவரையே பார்த்தாள். அவளுக்கு முதல் நாள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்ன பக்கத்து நாற்காலிக்காரர் அவர்தான். அவரும் அதை நினைத்துக் கொண்டிருக்க வேண்டும். குனிந்து டப்பா மூடியைத் திருகிக் கொண்டிருந்தார்.

"செய்," என்றார். "சிப்புக்கு ஏத்த மாதிரி லைப்ரரியச் செய். அந்த ஊகிக்கற பகுதியத் தூக்கு. எல்லா வீட்டுக்கும் அனுப்பிரலாம். ஆனா வெளிய எதுவும் பேசாத. 'மேம்படுத்தல்'னு போட்டுக்கலாம்."

"மருந்து நிறுத்தினவங்க சார்?"

"பெட்டி சரியாயிட்டா அவங்களே சொல்லிக்குவாங்கல்ல?"

அப்போது அவளும் அப்படித்தான் நம்பினாள்.

லைப்ரரி தயாரானது. படலத்தைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் "அம்மா" என்று நினைத்தாள். மேசையிலிருந்த பெட்டி தட்டுத் தடுமாறி "அம்மா" என்றது. சிவப்பு வரி இல்லை. சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அது இல்லாத திரையைப் பார்த்தாள்.

மறுநாள் சோமனூரில் அதை ஏற்றினாள். சாந்தாமணி ஆறுக்குட்டியின் தலையை வாரி, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டிருந்தாள். தறிகளை முன்கூட்டியே நிறுத்தியிருந்தாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

"கேளுங்கம்மா. ஏதாச்சும் கேளுங்க."

"ஏனுங்க, வலி கொறஞ்சுதுங்களா?"

பெட்டி பேசவில்லை.

"தண்ணி வேணுங்களா? நாந்தானுங்க கேக்கறேன். இப்பச் சரி பண்ணியாச்சுங்க. நீங்க பேசுனா கேக்கும்."

ஆறுக்குட்டி விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். அம்சவேணி படலத்தைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், வரிகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. லைப்ரரி ஏறியிருந்தது. காத்துக் கொண்டிருந்தது. எடுத்துவர அந்தப் பக்கம் துடிப்பே இல்லை.

"அறுந்து போச்சா அம்மிணி?"

"இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குது."

"பொறகென்ன?"

அம்சவேணிக்குப் பதில் தெரிந்தது. அதற்குள் சாந்தாமணியே சொல்லிவிட்டாள்.

"பேசறத உட்டுட்டாரு." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "யாருக்குத்தான் உடத் தோணாது? வலிக்குதுன்னு கத்தறப்பெல்லாம் தன்ற கொரலே பக்கத்துல உக்காந்துட்டு நல்லா இருக்கறேன்னு சொன்னா... நானும் அதுகிட்டத்தான பேசிட்டிருந்தேன். இவரப் பாக்காம அந்தப் பெட்டியப் பாத்துட்டுத்தான பேசினேன்."

அன்று பெட்டி பேசவே இல்லை.

அதே வாரம் மேம்படுத்தல் எல்லா வீட்டுக்கும் போயிற்று. ஒரே காலையில் ஊரூராகப் பெட்டிகள் வாயடைத்தன. சிலவற்றில் மட்டும் ஒரு சொல், அரைச் சொல். அதுவும் யாரும் கேட்க விரும்பாத சொல். கம்பெனியில் போன்கள் ஓயவில்லை.

"எங்கப்பா நேத்து வரைக்கும் என்ற பையனுக்குக் கதை சொல்லிட்டிருந்தாருங்க! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"எங்கம்மாவக் கொன்னுட்டீங்க சார். உசுரோட வெச்சுக் கொன்னுட்டீங்க."

அம்சவேணி தனக்கு வந்த அழைப்புகளில் உண்மையைச் சொன்னாள். இத்தனை நாள் பேசியது அவர் இல்லை, அவரை மருத்துவரிடம் காட்டுங்கள் என்றாள். ஒரு மகன் வெகுநேரம் கேட்டுவிட்டு, "தெரியுமுங்க," என்றான். "ரெண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதுக்கென்னங்க இப்ப? பழசையே போட்டுக் குடுங்க. அப்பா பேசறாருன்னு அந்தப் பேச்சக் கேட்டுத்தான் அம்மா ரெண்டு வாய் சோறு திங்கறாங்க."

கம்பெனி சில நாள் யோசித்தது. பிறகு ஊகிக்கிற பகுதியைத் திரும்ப வைத்து, வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெட்டியிடமே கொடுத்தார்கள், சட்டப்படி. பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் அதையும் தானே ஊகித்து, இனிமையான குரலில், "எனக்குச் சம்மதம்," என்றது.

கசக்கும் என்று சொன்னேனே, இந்த இடம்தான் கண்ணுகளே. கையைக் கொடுங்கள், முடியப் போகிறது.

அம்சவேணி வேலையை விட்டாள். நடந்ததை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினாள், மருத்துவரும் கையெழுத்திட்டார். எங்கெங்கோ போயிற்று, விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. நந்தகோபால் ஒருமுறை போனில், "அந்த ஊகிக்கற பகுதி நீ எழுதினதுதான அம்சா, உன் பேர்தான் வரும்," என்றார். "வரட்டும் சார்," என்றாள்.

சோமனூர் வீட்டுப் பெட்டி மட்டும் பழையபடி மாறவில்லை. மாற்ற வந்த ஆளை சாந்தாமணி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் தறியை நிறுத்துவாள். கூலிக்கு நெய்ய நூல் கொடுப்பவர் சத்தம் போட்டுப் பார்த்தார். "ஓடறபோது ஓடட்டுமுங்க, இப்ப நிக்கட்டும்," என்றாள். கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். தறியில் பாவு நூல் அறுந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை, எதையாவது. அவள் பேச்சு தீர்ந்ததும் சும்மா உட்கார்ந்திருப்பாள். அம்சவேணியும் அடிக்கடி வந்து பக்கத்தில் உட்காருவாள்.

"நீ எதுக்கு அம்மிணி வந்துட்டுக் கெடக்கற? பெட்டிதான் நல்லா இருக்குதுங்கறயே."

"இருக்கட்டுமுங்கம்மா."

"என்னமோ போ. வந்ததுக்கு இந்தப் பூண்டாச்சும் உரி."

சித்திரை வெயிலில் ஒரு மதியம். சாந்தாமணி பேசி முடித்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணெய் தடவிக் கொண்டிருந்தாள். பெட்டியில் ஒரு கரகரப்பு எழுந்தது. இருவரும் அசையவில்லை. ஒரு எழுத்து வந்தது, நின்றது, இன்னொன்று வந்தது. கனிவெல்லாம் இல்லை, கல்லை நகர்த்துவது போன்ற குரல்.

"கே... க்கு... தா?"

சாந்தாமணியின் கை நின்றது. "அவருதானா?" என்று அம்சவேணியிடம் கேட்டாள். முகத்தைத் திருப்பாமல், அவர் கண்ணை விடாமல் கேட்டாள்.

"அவருதானுங்கம்மா."

"கேக்குதுங்க," என்றாள் சாந்தாமணி. "கேக்குது. சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, நான் எங்கியும் போகல."

வெகுநேரம் கழித்துப் பெட்டி சொன்னது: "வலிக்குது."

கேட்க எத்தனை கொடுமையான சொல். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மாள், பல மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அவ்வளவுதான் கண்ணுகளே. எழுந்து போகும் முன் இதை வாங்கிக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் படுத்திருந்தாலும், அவர் முனகலுக்குப் பக்கத்தில் ஒரு காது இருக்கட்டும். இனிப்பாகப் பேசாதவர்களும் உங்கள் வீட்டில் பசியாறட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் வலி இல்லாதிருக்கட்டும். இருந்தால், அதைச் சொல்ல வாயும், கேட்க ஆளும் குறையாதிருக்கட்டும். நன்றாக இருங்கள்.